பறவை வரிசையாகப் பாடுகிறது, வரிசையாகத்தான் கேட்கிறதா?

#1 · கூடுகட்டி

இரண்டு வருடமாக ஜீப்ரா பிஞ்ச் வளர்க்கிறேன். ஒரு ஜோடி, போன வருடம் பொரித்த ஓர் ஆண், இப்போது கூட்டில் புதிதாக மூன்று குஞ்சுகள். இந்த இனத்தில் ஆண் மட்டும்தான் பாடும். பெரிய இனிமையெல்லாம் கிடையாது. ரப்பர் பொம்மையை அமுக்கினால் வருமே, அந்த மாதிரி மூக்கடைத்த சத்தம். ஒரு செகண்டுக்குள் முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே துண்டுகள், அதே வரிசை, அதே இடைவெளி. அச்சில் வார்த்த மாதிரி.

போனில் பதிவு செய்து கம்ப்யூட்டரில் ஸ்பெக்ட்ரோகிராமாக, அதாவது ஒலியைப் படமாகக் காட்டும் வரைவாகப், போட்டுப் பார்த்தேன். அப்பா பறவையின் பாட்டில் ஆறு துண்டு. க, ச, ட, த, ப, ம என்று பெயர் வைத்துக்கொண்டேன். 'க' கீழிருந்து மேலே வளைகிற கோடு. 'ட' ஏணிப்படி மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். 'த' வெறும் புகை. மகன் ஐந்தை அப்படியே எடுத்துக்கொண்டு 'த'வை மட்டும் விட்டுவிட்டது.

போன வாரம் அந்த ஆறு துண்டையும் வெட்டி, க ப ட ம ச த என்று கலைத்து ஒட்டி, அசலையும் இதையும் மாற்றி மாற்றிப் பெண் பறவைக்குப் போட்டேன். என் காதுக்கு இரண்டும் வேறு வேறு பாட்டு. ஆனால் அது இரண்டுக்கும் ஒரே மாதிரி குரல் கொடுத்தது, ஒரே மாதிரி ஸ்பீக்கர் பக்கம் தாவியது.

எனக்குக் குழப்பமாக இருக்கிறது. வரிசை ஒரு பொருட்டே இல்லை என்றால் ஆண் எதற்கு அதை இவ்வளவு பிசகாமல் காப்பாற்றுகிறது? பறவைப் பாட்டுக்கு இலக்கணம் உண்டு என்று படிக்கிறோமே, அது யாருடைய இலக்கணம்?

#2 · வெள்ளிமீன்

ஒரு வீட்டுப் பறவையை வைத்து வரிசை பொருட்டில்லை என்று சொல்லிவிடாதீர்கள் நண்பரே. ஜப்பானில் தோஷிடாகா சுசுகி குழு செய்த ஆய்வு 2016-இல் வந்தது. அங்குள்ள டிட் என்கிற சிறு பறவை, ஆபத்தைப் பார்த்தால் ஏ, பி, சி என்று மூன்று ஒலியைச் சேர்த்துக் கொடுக்கும். கேட்கிற பறவைகள் தலையைத் திருப்பிச் சுற்றுமுற்றும் பார்க்கும். டி என்று இன்னோர் ஒலி உண்டு. அதைக் கேட்டால் கிட்டே வரும். ஏ-பி-சி-டி என்று தொடர்ந்து ஒலித்தால் சுற்றிப் பார்த்துக்கொண்டே கிட்டே வரும். அதையே டி-ஏ-பி-சி என்று திருப்பிப் போட்டால் பெரும்பாலும் அசைவதில்லை. அடுத்த வருடம் வேறொரு டிட் இனத்தின் 'கிட்டே வா' ஒலியை டி இருக்கும் இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதற்கு முன் கேட்டிராத அந்தச் சேர்க்கைக்கும், வரிசை சரியாக இருந்தால்தான் பதில் வந்தது.

வரிசையைக் கேட்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

#3 · எதிரொலி

கூடுகட்டி பார்த்ததும் சரி, வெள்ளிமீன் சொன்னதும் சரி. டிட் தருவது செய்தி: ஆபத்து, வா. ஜீப்ரா பிஞ்ச் பாடுவது அப்படிப்பட்ட செய்தி இல்லை, பெண்ணைக் கவர்வதற்கான பாட்டு. இரண்டையும் 'பறவை ஒலி' என்று ஒரே மூட்டையில் கட்டினால் வழி தவறிவிடும்.

கூடுகட்டி செய்த சோதனையைக் கிட்டத்தட்ட அதே வடிவத்தில், ஆனால் கறாராக, மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டூலிங் குழு செய்திருக்கிறது. பறவைக்கு ஒரே பாட்டை மறுபடி மறுபடி போடுவார்கள். ஏதாவது மாறியது போலக் கேட்டால் அது ஒரு சாவியைக் கொத்த வேண்டும், சரியாகச் சொன்னால் தீனி. 2018-இல் வந்த முடிவுகளின்படி, துண்டுகளின் வரிசையைக் கலைத்தபோது ஜீப்ரா பிஞ்சுகள் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் வரிசையை அப்படியே விட்டுவிட்டு, ஒரே ஒரு துண்டை மட்டும் பின்னிருந்து முன்னாகத் திருப்பி ஒட்டியபோது உடனே கண்டுபிடித்தன.

இதில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். நம் காதுக்கு எது பளிச்சென்று தெரிகிறதோ அது அதற்கு மங்கல். நமக்குக் காதிலேயே விழாதது அதற்குப் பளிச். ஒலியின் நுண்ணிய அமைப்பில், ஓரிரு மில்லிசெகண்டுக்குள் நடக்கிற மாற்றத்தை இந்தப் பறவைகள் பிரித்துக் கேட்கின்றன. அந்த இடத்தில் மனிதக் காது தோற்றுவிடுகிறது. பாட்டின் சாரம் அதற்கு ஒவ்வொரு அசைக்கு உள்ளேயும் இருக்கிறது. நாம் அசைகளுக்கு நடுவே தேடிக்கொண்டிருக்கிறோம்.

நீங்களே செய்து பாருங்கள். அந்த ஏணிப்படி 'ட' இருக்கிறதல்லவா, அதை மட்டும் திருப்பிப் போட்டுக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: போனில் எம்பி3 ஆகச் சேமித்திருந்தால் அதை வைத்துச் செய்யாதீர்கள். மனிதக் காதுக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டு நுணுக்கங்களைக் கழித்துத்தான் அந்த வடிவம் கோப்பைச் சுருக்குகிறது. அது எதைக் கழித்ததோ அதுவே பறவைக்கு முக்கியமாக இருக்கலாம். சுருக்காத வேவ் கோப்பாகப் பதிவு செய்யுங்கள்.

#4 · கூடுகட்டி

செய்தேன். வேவ் கோப்பாக மறுபடி பதிவு செய்து 'ட'வைத் திருப்பினேன். திரையில் பார்த்தால் ஏணி ஏணியாகத்தான் இருக்கிறது. மிகவும் பெரிதாக்கினால் அலையின் பல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பது தெரிகிறது, அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு தங்கையை மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். பத்தில் ஐந்து சரி. அதாவது எனக்குத் தெரியவே இல்லை. தங்கைக்கு ஆறு.

ஆறு எழுத்து வைத்துப் பெயரிட்டேனே, அந்த எழுத்துகளே என் காது போட்டவை என்று இப்போது தோன்றுகிறது. பெண் பறவையிடம் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. இந்தத் தடவை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

#5 · வெள்ளிமீன்

எதிரொலி, வரிசையைக் கேட்பது டிட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது. ஸ்டார்லிங் பறவைகளை வைத்துத் திமோத்தி ஜென்ட்னர் குழு 2006-இல் நேச்சர் இதழில் எழுதியதை மறந்துவிட்டீர்களா? ஒரு வகை ஒலி அ, இன்னொரு வகை ஆ. அ-அ-ஆ-ஆ என்பது ஒரு விதி, அ-ஆ-அ-ஆ என்பது இன்னொரு விதி. 11 ஸ்டார்லிங்குகளில் 9 இரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. முதல் விதி சாதாரணமானதல்ல. வாக்கியத்துக்குள் வாக்கியம் பொதிவது அந்த வடிவத்தில்தான். மனித மொழிக்கு மட்டுமே உரியது என்று சொல்லிவந்த விஷயம் அது.

#6 · எதிரொலி

மறக்கவில்லை. அழகான, பொறுமையான ஆய்வு. பறவைகளுக்கு ஆயிரக்கணக்கான முறை பயிற்சி கொடுத்தார்கள். ஆனால் அது எதைக் காட்டியது என்பதில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை.

தமிழிலேயே பாருங்கள்:

அம்மா அப்பா தம்பி தூங்குவதாகச் சொன்னதாக நினைத்தாள்.

மூன்று பெயர் வரிசையாக வந்துவிட்டது, அப்புறம் மூன்று வினை. நீங்கள் வாசிக்கும்போது என்ன செய்தீர்கள்? தூங்குவது தம்பி, சொன்னது அப்பா, நினைத்தது அம்மா என்று உள்ளிருந்து வெளியே ஜோடி சேர்த்தீர்கள். கடைசிப் பெயருக்கு முதல் வினை, முதல் பெயருக்குக் கடைசி வினை. வினைச்சொல்லை இறுதியில் வைக்கிற மொழி என்பதால் இந்த வடிவம் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடைசியில் 'நினைத்தாள்' என்பதை 'நினைத்தார்' என்று மாற்றிப் பாருங்கள், அம்மாவை மரியாதையாகச் சொல்கிறார்கள் என்று கொள்வீர்கள். 'நினைத்தது' என்று மாற்றினால் எங்கோ இடிக்கும். ஜோடி சேர்த்திருந்தால்தான் அது இடிக்கும்.

ஸ்டார்லிங் சோதனையில் ஜோடி இல்லை. எந்த 'அ'வுக்கு எந்த 'ஆ' என்கிற கேள்வியே எழவில்லை. அ-ஆ என்று மாறுகிற இடம் ஒன்றா பலவா என்று கவனித்தாலே விடை கிடைத்துவிடும். 2009-இல் லைடன் பல்கலைக்கழகத்தில் கேரல் டென் காட்டே குழு ஜீப்ரா பிஞ்சுகளிடம் இதே மாதிரி விதிகளைக் கொடுத்து, ஒவ்வொரு பறவையும் எதைப் பிடித்துக்கொண்டு விடை சொல்கிறது என்று தனித்தனியாகத் துருவினார்கள். எளிய குறுக்கு வழிகளே போதுமானதாக இருந்தன. அதே குழு பின்னர் பட்ஜெரிகர் கிளிகளையும் ஜீப்ரா பிஞ்சுகளையும் ஒப்பிட்டது. புதிய ஒலிகளைக் கொடுத்தபோது கிளிகள் வரிசையின் அமைப்பைப் பிடித்துக்கொண்டன. பிஞ்சுகளோ குறிப்பிட்ட ஒலி எந்த இடத்தில் வந்தது என்பதைப் பிடித்துக்கொண்டன.

ஆகவே 'பறவைக்கு இலக்கணம் உண்டா' என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. இந்தப் பறவை, இந்த ஒலியில், எதைப் பிடித்துக்கொள்கிறது என்று அதையேதான் கேட்க வேண்டும்.

#7 · வெள்ளிமீன்

ஜோடி சேர்க்கிற விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வாக்கியத்தை நாலைந்து முறை படித்துப் பார்த்தேன். ஸ்டார்லிங் பற்றிச் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். டிட் பற்றிச் சொன்னதை விடமாட்டேன்.

#8 · எதிரொலி

விட வேண்டியதே இல்லை. அது உறுதியான சான்று.

#9 · மின்பொறி

கூடுகட்டியின் முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே. பெண் வரிசையைக் கண்டுகொள்ளாவிட்டால் ஆண் எதற்குப் பிசகாமல் பாடுகிறது? நான் நரம்பியல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பறவையின் மூளையில் எச்.வி.சி. என்றொரு சிறு பகுதி இருக்கிறது. அதில் பாட்டை இயக்குகிற நியூரான் (நரம்பணு) ஒவ்வொன்றும், பாட்டு ஒருமுறை ஓடும்போது ஒரே ஒரு கணம் மட்டும் சடசடவென்று பொறிந்துவிட்டு அடங்கிவிடும். சில மில்லிசெகண்ட்தான். அடுத்த கணத்துக்கு வேறொரு நியூரான் கூட்டம். வரிசையில் நிறுத்திய சீட்டுக்கட்டை முதல் சீட்டில் தட்டிவிட்டால் ஒன்றை ஒன்று சாய்த்துக்கொண்டே போகுமே, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். 2002-இல் இதைக் காட்டினார்கள்.

அப்புறம் 2008-இல் எம்.ஐ.டி.யில் மைக்கேல் லாங்கும் மைக்கேல் ஃபீயும் ஒரு காரியம் செய்தார்கள். பாடிக்கொண்டிருக்கிற பறவையின் எச்.வி.சி. பகுதியை மட்டும் சில டிகிரி குளிர வைத்தார்கள். பாட்டு மெதுவானது. 45 சதவீதம் வரை இழுபட்டது. சுருதி மாறவில்லை, துண்டுகளின் தன்மை மாறவில்லை, வரிசை மாறவில்லை. துண்டும் நீண்டது, துண்டுகளுக்கு நடுவில் இருக்கும் மௌனமும் அதே அளவில் நீண்டது. அதற்கு அடுத்த நிலையில் தசைகளை நோக்கிப் போகிற பகுதியைக் குளிர வைத்தபோது வேகம் பெரிதாக மாறவில்லை. அதாவது கடிகாரம் எச்.வி.சி.யில் இருக்கிறது.

இப்படிப்பட்ட சங்கிலியில் வரிசை என்பது தனியாகக் காப்பாற்றுகிற ஒன்றல்ல. அடுத்த கணத்துக்குப் போக வழியே அதுதான். பெண் கேட்கிறாளோ இல்லையோ, ஆணால் வேறு விதமாக அந்தப் பாட்டைப் பாட முடியாது. பாடுகிற உறுப்புக்கு வரிசை தேவை, கேட்கிற காதுக்கு அசையின் உள்ளமைப்பு தேவை. உங்கள் பெண் பறவை காட்டியது இந்தப் பிளவைத்தான் என்று நினைக்கிறேன்.

மனிதரிடமும் இதைச் செய்திருக்கிறார்கள். மூளை அறுவை சிகிச்சையின்போது நோயாளி விழித்திருந்து பேச வேண்டிய நிலை சில சமயம் வரும், பேச்சுப் பகுதிக்குச் சேதம் வராமல் பார்த்துக்கொள்வதற்காக. லாங் குழு 2016-இல் எழுதியது: பேச்சோடு தொடர்புடைய ப்ரோகா என்கிற மூளைப் பகுதியை லேசாகக் குளிர வைத்தால் பேச்சின் காலம் மாறுகிறது. பேச்சுத் தசைகளை இயக்கும் பகுதியைக் குளிர வைத்தால் காலம் அப்படியே இருக்க, உச்சரிப்பு குழைகிறது. பறவையும் நாமும் பரிணாமத்தில் பிரிந்து முப்பது கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஆனாலும் 'எப்போது' என்பதும் 'எப்படி' என்பதும் இரண்டு மூளையிலும் வேறு வேறு இடத்தில்.

#10 · ஒற்றைமரம்

நான் இந்த இழையைச் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். மின்பொறி கடைசியாக எழுதியதைப் படித்தபின் எழுத வேண்டும் என்று தோன்றியது.

என் தம்பிக்குத் திக்குவாய். சின்ன வயதிலிருந்தே. 'ப'வில் தொடங்குகிற சொல் வந்தால் உதடு ஒட்டிக்கொண்டு விடாது. பத்து வயது இருக்கும்போது அவனுடைய ஆசிரியர் ஒருவர், வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைத்து, ஒரு பத்தியை முழுதாக வாசிக்கும்வரை நிற்க வைத்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் அவன் பேசவில்லை.

அன்று இரவு அதே பாடத்தை நானும் அவனும் சேர்ந்து சத்தமாக வாசித்தோம். நான் சும்மா துணைக்கு உட்கார்ந்தேன். இரண்டு குரலும் சேர்ந்து போகும்போது அவனுக்கு ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை. 'ப'வெல்லாம் தண்ணீர் மாதிரி ஓடியது. நான் பாதியில் நிறுத்தினேன். அடுத்த வரியிலேயே ஒட்டிக்கொண்டது. மறுபடி சேர்ந்தேன், மறுபடி ஓடியது. பாடும்போதும் அவனுக்குத் திக்காது.

அவனுக்கு வாயும் நாக்கும் உதடும் சரியாகத்தான் இருக்கின்றன. 'எப்படி' என்பது அவனிடம் இருக்கிறது. 'எப்போது' என்பதைத்தான் என் குரலிலிருந்து எடுத்துக்கொண்டானா?

#11 · மின்பொறி

நீங்கள் கடைசியில் கேட்டது இந்தத் துறையில் இருப்பவர்கள் உண்மையிலேயே கேட்கிற கேள்வி. சேர்ந்து வாசித்தால் திக்கல் குறைவது திக்குகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நடக்கிறது. சீராகத் தட்டிக்கொண்டிருக்கும் மெட்ரோனோம் கருவியின் தட்டுக்கு ஓர் அசை என்று பேசினாலும் குறைகிறது. துணை நின்றதும் திரும்பிவிடுகிறது, நீங்கள் பார்த்த மாதிரியே.

முக்கியமான ஒரு விளக்கம் பேசல் கேங்கிலியாவைச் சுற்றிப் போகிறது. மூளையின் அடியில் இருக்கிற இந்தத் தொகுதிதான் 'இப்போது அடுத்தது' என்கிற உள் சைகையைத் தருவதில் பெரிய பங்கு வகிக்கிறது. அந்தச் சைகை தடுமாறும்போது வெளியிலிருந்து வருகிற தாளம் வேறு வழியாக அந்த வேலையைச் செய்துவிடுகிறது என்பது விளக்கம். பார்க்கின்சன் நோயில் பேசல் கேங்கிலியா பாதிக்கப்படுகிறது. அந்த நோயாளிகள் பலருக்கு, சீரான தட்டொலியைக் கேட்டுக்கொண்டே நடந்தால் நடை சீராகிறது. 1990-களிலிருந்து இதைச் சிகிச்சையாகவே பயன்படுத்துகிறார்கள். கூடுகட்டியின் குஞ்சுகள் பாட்டுக் கற்பதற்கும் பறவை மூளையில் இதற்கு இணையான பகுதிதான் தேவைப்படுகிறது.

உங்கள் தம்பியை அந்த இரவில் தனியாக விடாமல் உட்கார்ந்தீர்களே, அதற்காக என் அன்பு.

#12 · மூன்றாம்காலம்

நான் தாளக்கருவி வாசிக்கிறவன். வெளியிலிருந்து தாளத்தை எடுத்துக்கொள்வது என்றதும் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். விரலால் கூடவே தட்டிப் பதிவு செய்து பாருங்கள். உங்கள் தட்டு மெட்ரோனோமுக்குச் சற்று முன்னால் விழுந்திருக்கும். சில பத்து மில்லிசெகண்ட். நீங்கள் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் தட்டவில்லை, வரப்போகிறது என்று தெரிந்து தட்டுகிறீர்கள். இப்போது மெட்ரோனோமைக் குறைத்துக்கொண்டே போங்கள். தட்டுக்குத் தட்டு இரண்டு செகண்டை நெருங்கும்போது பிடி நழுவும், சத்தத்தைக் கேட்டபின் தட்டத் தொடங்குவீர்கள். தாளம் அங்கே செத்துப் போகிறது, வெறும் எதிர்வினை மிஞ்சுகிறது.

இன்னொன்று. அந்த மெட்ரோனோம் தருவது எல்லாமே ஒரே சத்தம். ஆனால் கொஞ்ச நேரம் கேட்டால் அது 'தக தக' என்று இரண்டிரண்டாகப் பிரியும். மனது வைத்தால் 'தகிட தகிட' என்று மூன்று மூன்றாகவும் கேட்கலாம். காற்றில் இல்லாத அழுத்தத்தை நாமே போட்டுக் கேட்கிறோம். தாடியஸ் போல்டன் 1894-லேயே இதை எழுதிவிட்டார். கேட்பதிலும் படைப்பு இருக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக எளிய சான்று இது.

இந்த முன்கூட்டி அறியும் திறன் மனிதரைத் தவிர யாருக்கு? ஸ்நோபால் என்கிற கொண்டைக்கிளிக்கு இருக்கிறது. 2009-இல் அனிருத் படேல் குழு, அது ஆடுகிற பாட்டையே 20 சதவீதம் வரை வேகமாக்கியும் மெதுவாக்கியும் போட்டது. கிளி நெடுக அல்ல, ஆனால் தற்செயல் என்று சொல்ல முடியாத அளவுக்கு, பல இடங்களில் புதிய வேகத்துக்குத் தன் தலையாட்டலை மாற்றிக்கொண்டது. கேட்ட ஒலியைக் குரலால் திருப்பிச் செய்யக் கற்கிற உயிர்களுக்கே இது வரும் என்பது படேலின் கருத்து. காதுக்கும் உடம்புக்கும் நடுவே அப்படி ஓர் இறுக்கமான முடிச்சு அவற்றில்தான் இருக்கிறது. எனக்கு அது சரியென்று படுகிறது. தாளத்தை வாயால் சொல்லாமல் கையால் கற்றவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

#13 · கடற்பாசி

மூன்றாம்காலம், அந்தக் கருத்தை முழுதாக ஒப்புக்கொள்ள முடியாதபடி ஒரு கடல்சிங்கம் வந்து நிற்கிறது. பெயர் ரோனன். கலிபோர்னியாவில் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. கடல்சிங்கங்கள் குரலால் ஒலியைக் கற்பதாகச் சான்று இல்லை. பீட்டர் குக் அதற்குத் தட்டொலிக்குத் தலையாட்டப் பழக்கினார், 2013-இல் ஆய்வு வந்தது. பழக்காத வேகங்களுக்கும், கேட்டிராத இசைக்கும் அது தலையாட்டியது. 2025-இல் மனிதர்களோடு ஒப்பிட்டார்கள். நிமிடத்துக்கு 112, 120, 128 தட்டுகள். கூட நின்ற பத்து மனிதர்கள் அளவுக்கும், சில அளவுகளில் அவர்களைவிடவும், ரோனன் சீராக ஆட்டியது.

குரங்குகள் கதை இன்னும் சுவையானது. மக்காக் குரங்குகளை மெட்ரோனோமுக்குத் தட்டப் பழக்கியபோது முதலில் சத்தம் வந்த பிறகே தட்டின. 2009 வாக்கில் 'குரங்குக்கு வராது' என்றே பலர் முடிவு கட்டினார்கள். வெகுமதி கொடுக்கிற முறையை மாற்றி வேறு விதமாகப் பழக்கியதும், 2018-இல் ஹியூகோ மெர்ச்சன்ட் குழுவின் குரங்குகள் முன்கூட்டியே தட்டின. திறன் அங்கே இருந்தது, நம் கேள்விதான் அதைத் தொடவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் நிற்கிறது. ரோனனுக்கும் குரங்குக்கும் பழக்க வேண்டியிருந்தது. ஸ்நோபாலுக்கு யாரும் பழக்கவில்லை. பிறந்து இரண்டு மூன்று நாளான குழந்தைக்கும் பழக்குவதில்லை: தூங்குகிற சிசுக்களுக்குத் தாளத்தைப் போட்டு, முதல் அடியை மட்டும் விட்டுவிட்டால் மூளை அலை துள்ளுகிறது. 2009-இல் இஷ்த்வான் விங்க்லர் குழு இதைப் பதிவு செய்தது.

#14 · மூன்றாம்காலம்

ரோனன் பற்றி எனக்குத் தெரியாது. இப்போதுதான் பதிவைத் தேடிப் பார்த்தேன். தலையை ஆட்டவில்லை, தாளத்தின் மேல் கொண்டுபோய் வைக்கிறது. 'கற்கிற உயிர்களுக்கே வரும்' என்பதைக் 'கற்கிற உயிர்களுக்கே தானாக வரும்' என்று மாற்றிக்கொள்கிறேன். வராத உயிர்களுக்குக் கொண்டுவர முடியும் என்பது எனக்குச் சந்தோஷமான செய்தி.

#15 · பால்நிலவு

என் மகளுக்கு ஏழரை மாதம். கடற்பாசி சொன்ன சிசு ஆய்வைப் படித்ததும் கேட்கத் தோன்றியது. அவளை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டே பாடுகிறேன். அவளுக்கு உண்மையில் என்ன போய்ச் சேர்கிறது?

#16 · கடற்பாசி

நிறைய. ஏழு மாதக் குழந்தைகளுக்கு அழுத்தமே இல்லாத ஒரே தாளத்தைப் போட்டு, சிலரை இரண்டு தட்டுக்கு ஒருமுறை, சிலரை மூன்று தட்டுக்கு ஒருமுறை துள்ள வைத்தார்கள். பிறகு அழுத்தம் சேர்த்த இரண்டு வடிவங்களைப் போட்டால், தாங்கள் துள்ளிய வடிவத்தையே அதிக நேரம் கேட்டார்கள். 2005-இல் பிலிப்ஸ்-சில்வரும் டிரெய்னரும் செய்தது. மூன்றாம்காலம் சொன்ன 'தக', 'தகிட' பிரிப்பு உங்கள் மகளுக்கு மடியிலிருந்து போகிறது.

சொற்களும் அப்படித்தான். 1996-இல் ஜெனி சஃப்ரன் குழு எட்டு மாதக் குழந்தைகளுக்கு அர்த்தமில்லாத அசைகளை இடைவெளியே இல்லாமல் இரண்டு நிமிடம் போட்டது. சில அசைகள் எப்போதும் சேர்ந்தே வரும், சிலவற்றுக்குப் பின் எது வேண்டுமானாலும் வரும். அந்த நிகழ்தகவை மட்டும் வைத்துச் 'சொல்' எங்கே முடிகிறது என்று குழந்தைகள் கண்டுகொண்டார்கள். 'பாப்பாஎங்கபாப்பாவந்தாச்சு' என்று நாம் ஒரே மூச்சில் கொஞ்சுகிறோம். அதிலிருந்து அவள் 'பாப்பா'வைப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இதே உத்தியை 2025-இல் கூனல் திமிங்கிலப் பாட்டின்மேல் போட்டார்கள். பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியாவில் எட்டு வருடம் பதிவு செய்தவை. குழந்தை பிரிப்பதுபோல் நிகழ்தகவு சட்டென்று விழுகிற இடத்தில் வெட்டினால் கிடைத்த துண்டுகள், மனித மொழிச் சொற்கள் போலவே பரவியிருந்தன: சில மிக அடிக்கடி, பல எப்போதாவது. திமிங்கிலம் பாட்டை மற்றத் திமிங்கிலத்திடம் கேட்டுக் கற்கிறது. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைப் பாட்டு கிழக்குக் கரைக்கு வந்து, இரண்டே வருடத்தில் அங்கிருந்த பாட்டை முழுதாக ஓரங்கட்டிய கதை 2000-இல் பதிவானது. கேட்டுக் கற்பவர் கையில் எது சிக்குகிறதோ அதுவே அடுத்த தலைமுறைக்குப் போகிறது, அதனால் பாட்டும் கற்பவருக்கு ஏற்றபடி வளைகிறது.

#17 · எதிரொலி

கடற்பாசி சொன்ன கடைசி வரிக்குக் கூடுகட்டியின் பறவையிடமே சான்று இருக்கிறது. பாட்டே கேட்காமல் தனியாக வளர்ந்த ஜீப்ரா பிஞ்ச் கோணலான பாட்டைப் பாடும். ஓல்கா ஃபெஹர், ஓஃபர் செர்னிகோவ்ஸ்கி குழு 2009-இல் அப்படி வளர்ந்த ஒன்றை ஆசிரியராக வைத்துக் குஞ்சுகளுக்குக் கற்பித்தார்கள், அந்தக் குஞ்சுகளை அடுத்த குஞ்சுகளுக்கு. ஒவ்வொன்றும் கேட்டதைக் கொஞ்சம் திருத்திக்கொண்டே நகலெடுத்தது. மூன்று நான்கு தலைமுறையில் பாட்டு காட்டுப் பறவையின் பாட்டை நெருங்கிவிட்டது.

கூடுகட்டி, மகன் விட்டுவிட்ட அந்த 'த'. மறதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த குஞ்சுகள் அதை என்ன செய்கின்றன என்று பாருங்கள். ஏறக்குறைய 25 நாளிலிருந்து காது திறந்திருக்கும், 90 நாளில் பாட்டு உறைந்துவிடும்.

#18 · ஒற்றைமரம்

தம்பியிடம் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். அவனுக்கு இப்போது முப்பத்திரண்டு. அந்த இரவு அவனுக்கு நினைவிருக்கிறது. "நீ சொல்கிற சொல்லைக் கேட்டுச் சொல்லவில்லை, நீ எப்போது மூச்சு விடுகிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்" என்றான்.

#19 · கூடுகட்டி

தாமதத்துக்கு மன்னிக்கவும். பெண் பறவைச் சோதனையை இந்த முறை தங்கையோடு சேர்ந்து செய்தேன். எதைப் போடுவது என்று அவள் சீட்டெடுத்து முடிவு செய்வாள். நான் காதை அடைத்துக்கொண்டு பக்கத்து அறையில் வீடியோவைச் சத்தமில்லாமல் பார்த்து, எத்தனை முறை ஸ்பீக்கர் பக்கம் தாவுகிறது என்று மட்டும் எண்ணினேன். வரிசை கலைத்ததற்கும் அசலுக்கும் இப்போதும் வித்தியாசம் இல்லை. 'ட' திருப்பியதற்கு முதல் நாள் குறைவாகத் தாவியது, இரண்டாம் நாள் அப்படி இல்லை. ஒரே ஒரு பறவை, சின்ன ஸ்பீக்கர். இதை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன். நல்ல ஸ்பீக்கர் ஒன்றை இரவல் கேட்டிருக்கிறேன்.

இன்னொரு செய்தி. குஞ்சுகளுக்கு இன்று 36 நாள். காலையில் அப்பா பாடி முடித்ததும் மூன்றில் ஒன்று கொம்பில் உட்கார்ந்து, தொண்டையைப் புடைத்துக்கொண்டு முணுமுணுக்கத் தொடங்கியது. வரிசை என்று எதுவும் இல்லை. திரையில் பார்த்தால் மழையில் நனைந்த எழுத்து மாதிரி கலங்கிக் கிடக்கிறது. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் மெலிதாக ஒரு புகை. 'த'வா, வெறும் மூச்சா என்று தெரியவில்லை. கூண்டுக்கு மேலே மைக்கை வைத்திருக்கிறேன், பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது.